சலம் எரிந்தபோது எல்லோரும் கிட்னி என்றார்கள்

நான் வெட்டு மெசின் ஓட்டுகிறவன். காலபோக நெல் முற்றியதும் கிளிநொச்சியில் தொடங்கி விசுவமடு, ஒட்டுசுட்டான், மல்லாவி, செட்டிகுளம் என்று வயல் வயலாகப் போவோம். காலையில் பனி காய்ந்ததும் மெசினில் ஏறினால் இருட்டும்வரை இறங்க நேரம் இருக்காது. கீழே எஞ்சின் சூடு, மேலே வெயில், ஒரு நாளைக்கு ஒரு போத்தல் தண்ணீர் குடித்தாலே பெரிய காரியம். 2024 பெப்ரவரியில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வயலில் நின்றபோதுதான் முதல் தடவை சலம் கழிக்கும்போது எரிந்தது. பெரிய எரிவு இல்லை. நுனியில் ஒரு கடி, ஒரு சுருக்கு. இரண்டு நாள் கழித்துக் காலையில் உள்ளாடையில் சளி மாதிரி ஒரு சொட்டு ஈரம் கண்டேன். கூட வேலை செய்த அண்ணையிடம் எரிவை மட்டும் சொன்னேன். ஈரத்தைச் சொல்லவில்லை. "சூடு தம்பி. இளநியைக் குடி, சரியாப் போகும்" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் பாதியைத்தானே சொன்னேன்.

அந்த மற்றப் பாதியை மறைத்ததில் எனக்கு ஐந்து மாதமும் 91,000 ரூபாயும் போனது. எனக்கு இருந்தது கிட்னி நோய் இல்லை, ஒரு பாலியல் தொற்று. நோயைவிட அந்த மறைப்புத்தான் இன்றைக்கும் மனதை அறுக்கிறது. எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் என்று எத்தனையோ இரவு நினைத்திருக்கிறேன். அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

அப்போது எனக்கு 25 வயது. வவுனியாவில் ஒரு கடையில் வேலை செய்கிற பிள்ளையோடு ஒன்றரை வருடமாகப் பழக்கம். கலியாணம் செய்வது என்று இருவரும் முடிவெடுத்திருந்தோம், வீடுகளில் இன்னும் சொல்லவில்லை. அதற்கு முன் கட்டட வேலைக்கென்று கொழும்பில் இருந்த எட்டு மாதத்தில் எனக்கு வேறொரு தொடர்பு இருந்தது. வவுனியாப் பிள்ளைக்கும் என்னைச் சந்திக்க முன் ஒருவர் இருந்தார், அதை அவள் என்னிடம் ஒளித்ததில்லை. தொடக்கத்தில் நாங்கள் ஆணுறை பாவித்தோம். பிறகு, இனி ஏன், ஒருவரை ஒருவர் நம்புகிறோம்தானே என்று விட்டுவிட்டோம். அவள் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்கத் தொடங்கினாள். அந்தக் குளிசையோ மூன்று மாத ஊசியோ பிள்ளை தங்காமல்தான் பார்க்கும், தொற்றை மறிக்காது என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடத்தில் இந்தப் பகுதி இருந்தது. வாத்தியார் பக்கத்தைப் புரட்டி, "இதை வீட்டில் வாசியுங்கோ" என்றார். வகுப்பில் பெண்பிள்ளைகளும் இருந்தார்கள், எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். வீட்டில் யாரும் வாசிக்கவில்லை. அப்பாவிடம் கேட்டிருக்கலாம் என்றால் அப்பா 2009 இல் இல்லாமல் போய்விட்டார். இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு கதை.

வன்னியில் ஒருவனுக்குச் சலம் எரிந்தால் எல்லோருக்கும் முதலில் கிட்னிதான் நினைவுக்கு வரும். அதற்குக் காரணம் இருக்கிறது. வவுனியாவின் சில கிராமங்களிலும், அதற்கு அடுத்த மதவாச்சி, பதவியா பக்கமும், நீரிழிவும் இல்லாமல் பிரஷரும் இல்லாமல் வயல்காரர்களின் சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாகிற நோய் வருடக்கணக்காக இருக்கிறது. தண்ணீரா, மருந்து அடிப்பதா, வெயிலில் உடம்பு வற்றுவதா என்று இன்னும் ஒரு முடிவு இல்லை. எங்கள் பெரியப்பாவும் கிட்னி பழுதாகித்தான் இறந்தார். எனக்கு எரிகிறது என்று அம்மாவின் காதுக்குப் போனதும் அவருக்கு நெஞ்சு அடைத்துப்போயிற்று. அன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீர் நிறுத்தம், குடிநீர் வாங்கிக் குடிக்க வேண்டும் என்று கட்டளை. காலையில் நீர்முள்ளி அவித்த தண்ணீர், மாலையில் நெருஞ்சி முள் கசாயம். அம்மா விடியமுன் எழும்பி அடுப்பு மூட்டி அவித்துத் தருவார், நான் குடித்துவிட்டு வெறும் ரம்ளரைக் கொடுப்பேன். ஒவ்வொரு நாளும் அந்த ரம்ளரைக் கொடுக்கும்போது சொல்லிவிடலாமா என்று வாய்வரை வரும்.

எரிவு குறையாததால் பாமசிக்குப் போனேன். சலக்கடுப்பு என்றேன். கவுண்டரில் நின்றவர் ஒன்றும் கேட்கவில்லை, ஒரு மட்டை அன்ரிபயோரிக் தந்தார். மூன்றாம் நாள் எரிவு அரைவாசியாகக் குறைந்தது. ஆகா, சரியாகிவிட்டது என்று மீதிக் குளிசையை எறிந்துவிட்டேன். பத்து நாளில் திரும்ப வந்தது. வேறொரு பாமசி, வேறொரு மட்டை. இரண்டுக்கும் சேர்த்து 4,000 ரூபாய். தெரியாத அன்ரிபயோரிக்கை அரைகுறையாகப் போட்டால் இதுதான் நடக்கும். குறி தணியும், கிருமி போகாது. பிறகு பரிசோதனை செய்தாலும் குழப்பமாக இருக்கும். உடலுறவு கொள்கிற வயதில் இருப்பவருக்கு எரிவு வந்தால் பாமசி கவுண்டரில் பேசித் தீர்க்கிற விசயம் இல்லை அது.

அடுத்ததாகத் தனியார் டொக்டர். மாமா கூட வந்தார், வரவேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. டொக்டர் நல்ல மனிசன், ஆனால் வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். "கலியாணம் முடிச்சதோ?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அத்தோடு அந்தப் பக்கக் கேள்வி முடிந்தது. கலியாணம் ஆகாதவனுக்கு இது வராது என்று அவரும் எடுத்துக்கொண்டார், மாமா பக்கத்தில் இருந்ததால் நானும் விட்டுவிட்டேன். சலப் பரிசோதனை, சலம் வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர், கிட்னி வேலை செய்கிறதா என்று காட்டுகிற கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கான் என்று எழுதித் தந்தார். ஸ்கானில் ஒன்றும் இல்லை. கிரியேற்றினின் அளவோடு இருந்தது, அம்மா அந்தத் தாளைச் சாமிப் படத்தடியில் வைத்துக் கும்பிட்டார். சலத்தில் மட்டும் பஸ் செல், அதாவது சீழ் அணு, 15க்கு மேல். கல்ச்சரில் ஒரு கிருமியும் வளரவில்லை என்று வந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். சீழ் அணு இருக்கிறது, கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால் கிருமியே இல்லை என்று அர்த்தம் இல்லை. எனக்கு வந்தது கிளமீடியா. அது பக்ரீரியாதான், ஆனால் நம் உடம்பின் உயிரணுவுக்குள்ளே புகுந்திருந்துதான் பெருகும். ஆய்வுகூடத்தில் சாதாரணச் சலக் கல்ச்சர் போடுகிற தட்டில் அது வளராது. அதைக் கண்டுபிடிக்கக் கிருமியின் மரபுப் பொருளைத் தேடுகிற பிசிஆர் போன்ற வேறு பரிசோதனை வேண்டும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் இரண்டு மாதம் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று எனக்கே சொல்லிக்கொண்டு திரிந்தேன். இளம் வயது, எரிவு, சீழ் அணு, வளராத கல்ச்சர் இந்த நாலும் ஒன்றாக நின்றால், டொக்டரிடம் நீங்களே வாய் திறந்து "இது பாலியல் தொற்றாக இருக்குமோ?" என்று கேளுங்கள். கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வெட்கமாக இருந்தால் டொக்டரிடமே "தனியாகக் கதைக்க வேணும்" என்று ஒரு வரி சொன்னால் போதும்.

ஏப்ரலில் நான் செய்த பிழைதான் ஆகப் பெரியது. போனில் ஒரு விளம்பரம் கண்டேன். வெட்டை, நீர்க்கடுப்பு, நரம்புத் தளர்ச்சி எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, பெயர் ஊர் வெளியே தெரியாது, பார்சலில் வரும். அந்தக் கடைசிச் சொல்தான் என்னை இழுத்தது. 45 நாளைக்கு 18,000 ரூபாய். ஒரு கறுப்புத் தூளும் லேகியமும் வந்தன. என்ன கலந்தது என்று அதில் எழுதியிருக்கவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் தலையணைக்கடியில் வைத்துக் குடித்தேன். பாரம்பரிய வைத்தியத்தை நான் பழிக்க வரவில்லை, நீர்முள்ளியை இன்றைக்கும் குடிக்கிறேன். ஆனால் ஆளைப் பார்க்காமல், ஒரு பரிசோதனை இல்லாமல், நம்முடைய வெட்கத்தைப் பார்த்து விலை போடுகிறவரிடம் மருந்து வாங்காதீர்கள். அந்த 45 நாளும் கிருமி உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மகனின் கிட்னி சுகமாக வேண்டும் என்று நேர்த்தி வைத்திருந்தார். நந்திக்கடல் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது, சனத்துக்குள் அம்மா அடுப்பு மூட்டிப் பொங்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று விறகு தள்ளினேன். இல்லாத ஒரு நோய்க்காக அம்மா புகையில் கண் கலங்கி நிற்கிறார், இருக்கிற நோயை நான் வாய்க்குள் வைத்திருக்கிறேன். ஐந்து மாதத்தில் நான் ஆகக் கூனிப்போன நாள் அதுதான்.

யூன் மாதம் ஒரு நாள் வலது பக்க விதை கனத்தது. மறுநாள் வீங்கிச் சிவந்து, தொட முடியாத நோவு, மெல்லிய காய்ச்சலும். அரசாங்க ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவுக்குப் போனேன். இந்தமுறை தனியாக. இளம் டொக்டர் ஒருவர் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார். எழுதிக்கொண்டே, குரலைத் தணித்து, "தம்பி, யாரோடாவது உறவு இருக்கோ? நான் மருந்துக்காகத்தான் கேக்கிறன், வேற ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றார். இருக்கிறது என்றேன். ஐந்து மாதத்தில் முதல் தடவை. அவ்வளவுதான், அரை நிமிசம்கூட ஆகவில்லை. "முதலே சொல்லியிருக்கலாமே" என்று அவர் ஒரு சொல் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு என்றைக்கும் நன்றி. இங்கே ஒன்று சொல்லவேண்டும்: விதையில் திடீரென்று, மணித்தியாலக் கணக்கில் கடுமையான நோவு வந்தால் அது விதை முறுக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். அது உடனே சத்திரசிகிச்சை செய்கிற விசயம், சில மணி நேரம் பிந்தினாலும் விதை செத்துவிடும். அதற்காக விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. என்னை அவர் முதலில் பரிசோதித்ததும் அதற்காகத்தான். அது இல்லை என்று தெரிந்தபிறகு அன்றைக்கே பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போகச் சொன்னார்.

நம் சனம் அதை எஸ்.ரி.டி கிளினிக் என்று சொல்லும். அந்தப் பலகைக்குக் கீழே யாராவது தெரிந்தவர் கண்டுவிட்டால்? எங்கள் ஊரில் ஒருவன் எந்தக் கடையில் சேட் வாங்கினான் என்பதுகூடப் பின்னேரத்துக்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும். அதனால் பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஏ9 வீதியில் பஸ் ஏறினேன். வழி முழுக்க ஒவ்வொரு குழிக்கும் நோவு உயிரை வாங்கியது. இப்போது யோசித்தால் அப்படிப் போனதில் பிழையில்லை என்றுதான் நினைக்கிறேன். தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் நாடு முழுக்க மாவட்டங்களில் இந்த கிளினிக்குகள் இருக்கின்றன. யாழ்ப்பாணம், வவுனியா, கிளிநொச்சி எங்கே போனாலும் பார்ப்பார்கள், உங்கள் மாவட்டத்தில்தான் காட்ட வேண்டும் என்று இல்லை. டொக்டரின் கடிதமும் தேவையில்லை. காசும் இல்லை. ஊரில் பார்ப்பார்கள் என்ற பயத்தில் போகாமல் இருப்பதைவிட, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போவது எவ்வளவோ மேல்.

உள்ளே நான் நினைத்த மாதிரி ஒன்றும் இல்லை. என்னிடம் ஒரு இலக்கம் எழுதிய அட்டை தந்தார்கள், அந்த இலக்கத்தைத்தான் கூப்பிட்டார்கள், பெயரைச் சொல்லவில்லை. வாங்கில் ஒரு கலியாணமான சோடி, கம்பஸ் பிள்ளை மாதிரி ஒருவர், பேரன் இருக்கிற வயதில் ஒரு ஐயா. யாரும் யாரையும் பார்க்கவில்லை. டொக்டர் கேட்ட கேள்விகள் நேரடியாக இருந்தன: கடைசி உறவு எப்போது, எத்தனை பேர், ஆணா பெண்ணா, எந்த வகையான உறவு, ஆணுறை பாவித்ததா. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், தடிமல் எத்தனை நாள் என்று கேட்கிற மாதிரிக் கேட்டார். வாயாலும் ஆசனவாயாலும் நடக்கிற உறவிலும் இது தொற்றும் என்பதால்தான் அந்தக் கேள்வி, வெட்கப்பட்டு மாற்றிச் சொன்னால் எடுக்கவேண்டிய இடத்தில் மாதிரி எடுக்காமல் போய்விடும் என்று விளங்கப்படுத்தினார். சலக்குழாயின் நுனியில் மெல்லிய குச்சியால் மாதிரி எடுத்தார்கள். ஒரு கணம் கூசும், அவ்வளவுதான். சல மாதிரி கொடுப்பதாக இருந்தால் முதலில் வருகிற சலத்தைப் பிடிக்க வேண்டும், அதற்கு முன் ஒரு மணி நேரமாவது போகாமல் இருக்க வேண்டும். நான் பஸ்ஸால் இறங்கிய உடனே போய்விட்டதால் அதற்காக வாங்கில் காத்திருந்தேன். நீங்கள் அந்தப் பிழையைச் செய்யாதீர்கள்.

இரத்தமும் எடுத்தார்கள், சிபிலிஸ் என்கிற இன்னொரு பாலியல் நோய்க்கும் எச்.ஐ.விக்கும். எச்.ஐ.வி என்றதும் என் கை நடுங்கியது. அதைக் கண்ட நேர்ஸ் மிஸ், "தம்பி, சிபிலிஸ் பரிசோதனை பிள்ளைத்தாச்சி கிளினிக்கில எல்லா அம்மாமாருக்கும் செய்யிறதுதான். எச்.ஐ.வியும் அப்பிடித்தான் பாக்கிறம். உங்கட அக்காவுக்கும் செய்திருப்பினம்" என்றார். அப்படித் தாய்மார் எல்லோரையும் பரிசோதித்ததால்தான் தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் தொற்றாத நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது என்றும் சொன்னார். அவருக்கு அதில் ஒரு பெருமை. எனக்கும் நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. இரண்டிலும் எனக்குத் தொற்று இல்லை.

டொக்டர் மாதிரியை நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, கொனோரியா என்கிற மற்றப் பாலியல் நோயின் கிருமி தெரியவில்லை, சீழ் அணு நிறைய இருக்கிறது, பெரும்பாலும் கிளமீடியாதான், முடிவு வரும்வரை காத்திருக்காமல் மருந்து தொடங்குவோம் என்றார். பிறகு வந்த முடிவும் அதுதான். கிளமீடியா என்ற பெயரை நான் முதல் தடவை கேட்டது அன்றைக்குத்தான். உலகத்தில் ஆகக் கூடுதலாகப் பரவுகிற பக்ரீரியாப் பாலியல் தொற்று அதுவாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் 2020 இல் மட்டும் 15 முதல் 49 வயதுக்காரரில் 12 கோடி 90 இலட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்றியிருக்கிறது. இளம் வயதினர்தான் அதில் அதிகம். இவ்வளவு பேருக்கு வருகிற ஒன்றின் பெயர் 25 வயதுவரை என் காதில் விழவில்லை. இதன் பொல்லாத குணம், சத்தம் போடாமல் இருப்பது. தொற்றிய பெண்களில் பெரும்பாலானவர்களுக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும் ஒரு குறியும் இருக்காது. இருந்தால் ஒன்று முதல் மூன்று கிழமைக்குள் எரிவு, வெள்ளையாகவோ தெளிவாகவோ கசிவு, பெண்களுக்கு வழமையில்லாத வெள்ளைபடுதல், உறவுக்குப் பின் இரத்தம், அடிவயிற்று நோவு என்று வரும். இல்லாவிட்டால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட உள்ளே இருக்கும். கழிப்பறை, ஒரே கிணற்றில் குளிப்பது, உடுப்பு மாற்றிப் போடுவது, ஒரே கோப்பையில் சாப்பிடுவது இவற்றால் வராது.

எனக்கு விதைவரை ஏறிவிட்டதால் ஒரு ஊசியும், டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் காலையும் இரவுமாக 14 நாளும் தந்தார்கள். எரிவு தொடங்கிய கிழமையே போயிருந்தால் 7 நாள் குளிசையோடு முடிந்திருக்கும். அந்தக் குளிசையை எப்படிப் போடுவது என்று சொல்லித்தான் தந்தார்கள், நான் சரியாகக் கேட்கவில்லை. முதல் இரவு ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தேன். நடு இரவில் நெஞ்சுக்கு நடுவே கத்தியால் கீறுகிற மாதிரி எரிந்தது, மூன்று நாள் சோறு விழுங்க முடியவில்லை. அது தொண்டைக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்குகிற குளிசை. ஒரு பெரிய ரம்ளர் தண்ணீரோடு, சாப்பாட்டுக்குப் பிறகு, நிமிர்ந்திருந்து போட வேண்டும், அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. பால் தேத்தண்ணி, இரும்புச்சத்துக் குளிசை, வயிற்றெரிவுக்கு எடுக்கிற காஸ்ரிக் மருந்து இவற்றோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது, இடைவெளி விட வேண்டும். வெயிலும் தோலைச் சுடும். நான் சிறுபோக வயலில் நீளக் கைச் சேட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டுதான் நின்றேன். நாலாம் நாள் விதை நோவு குறைந்தது. குறைந்தாலும் கடைசிக் குளிசைவரை போட வேண்டும். கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கு இந்தக் குளிசை கொடுக்கமாட்டார்கள், அசித்ரோமைசின் என்று வேறு மருந்து உண்டு. அதனால் நண்பனின் மருந்தை வாங்கி உங்கள் பெண்ணுக்குக் கொடுக்கிற வேலை வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பாரமானது அவளிடம் சொன்னது. உண்மையைச் சொல்கிறேன், முதல் மூன்று நாள் அவள் மேல் எனக்குக் கோபம். நான் கொழும்பை விட்டு வந்து இரண்டு வருடம், எனக்கு இப்போது வருகிறதென்றால் அவளிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அவள் போன் அடித்தபோதும் நான் பேசவில்லை. வீக்கம் காட்டத் திரும்பப் போனபோது மிஸ் கேட்டார், அவவுக்குச் சொல்லியாச்சோ என்று. நான் என் கணக்கைச் சொன்னேன். "யார் யாருக்குக் குடுத்தது எண்டு சொல்லுற பரிசோதனை எங்களிட்ட இல்லைத் தம்பி. கொழும்பில இருந்து நீங்களே கொண்டுவந்து, அவவுக்குக் குடுத்து, இப்ப உங்களுக்கு வெளியில தெரிஞ்சிருக்கலாம். அவவிட்ட முதலே இருந்திருக்கலாம். அதைத் தேடி என்ன செய்யப் போறியள்? அவவின்ர கர்ப்பப்பைக் குழாய்க்கு ஏறமுன் மருந்து குடுக்க வேண்டாமோ?" என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு எரிந்தது, வீங்கியது, அதனால் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அவளுக்கு ஒன்றுமே இல்லையே. ஒன்றும் இல்லாதவள் எதற்காக வருவாள்?

போனில் சொல்லவில்லை. வவுனியாவுக்குப் போய், குளக்கட்டுப் பக்கம் இருந்து, டொக்டர் எனக்குச் சொன்ன அதே வரிசையில் சொன்னேன்: எனக்கு ஒரு தொற்று, பெயர் இது, மருந்து இருக்கிறது, உனக்கும் இருக்கலாம், குறி தெரியாது, யாரால் என்று தெரியாது, நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டது ஒன்றுதான், "எனக்குப் பிள்ளை பிறக்குமோ?" அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. மூன்று நாள் கோபித்துக்கொண்டிருந்ததை நினைத்து அங்கேயே அழுதேன். உங்களால் நேரில் சொல்லவே முடியாவிட்டால் கிளினிக்கில் கேளுங்கள், துணையைக் கூப்பிட ஒரு துண்டு கொடுப்பார்கள், எப்படிச் சொல்வது என்றும் சொல்லித் தருவார்கள். சொல்லாமல் நீங்கள் மட்டும் மருந்து போட்டால் அடுத்த தடவையே திரும்பத் தொற்றும். ஒருமுறை வந்தால் பிறகு வராது என்பது இந்தக் கிருமிக்கு இல்லை.

அவளும் லீவு போட்டுவிட்டு வந்தாள். வீட்டாருக்கு அறிவிப்பார்களோ என்பதுதான் அவளுடைய பயம். அவளுக்கு 23 வயது, யாருக்கும் அறிவிக்கவில்லை. மாதிரி எடுத்தார்கள், கர்ப்பம் இல்லை என்று பார்த்தார்கள், அடிவயிற்றை அழுத்தி நோகிறதா என்று பார்த்தார்கள். அவளுக்கும் கிளமீடியா இருந்தது. பெண்களுக்கு இது மேலே ஏறினால் கர்ப்பப்பையும் அதன் குழாய்களும் அழற்சியாகித் தழும்பு விழும், பிறகு பிள்ளை தங்கக் கஷ்டமாகலாம், குழாயிலேயே கரு தங்கி உயிருக்கு ஆபத்தும் வரலாம், பிரசவத்தின்போது இருந்தால் பிள்ளையின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் தொற்றும் என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை, அவளுக்கு ஏறியதற்கான அறிகுறி எதுவும் இல்லை, இப்போதே வந்தது நல்லது என்றும் சொன்னார். ஏழு நாள் குளிசை. இருவரின் மருந்தும் முடிந்து ஒரு கிழமை கழியும்வரை உறவு வேண்டாம் என்றார்கள். மூன்று மாதத்தில் திரும்ப வந்து பார்க்கச் சொன்னார்கள், போனோம், இருவருக்கும் இல்லை. திரும்பத் தொற்றியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த மூன்று மாதம். மருந்து முடிந்த உடனேயே அவசரப்பட்டுப் பரிசோதித்தால் செத்த கிருமியின் மிச்சத்தைக்கூடப் பரிசோதனை காட்டிவிடும்.

91,000 ரூபாய்க்குக் கணக்குச் சொல்கிறேன். பாமசி 4,000. தனியார் டொக்டர் மூன்று தடவை 7,500. இரத்தம், சலப் பரிசோதனைகள் 9,000. ஸ்கான் 4,500. பார்சல் மருந்து 18,000. வேலைக்குப் போகாத 12 நாள், நாளுக்கு 4,000 படி 48,000. கிளினிக்கில் மருந்து, ஊசி, பரிசோதனை எதற்கும் ஒரு சதம் வாங்கவில்லை. வரும்போது ஒரு பை ஆணுறையும் சும்மா தந்துவிட்டார்கள். ஊர்ப் பாமசியில் கேட்க நா எழாமல்தானே நாங்கள் அதை விட்டோம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். புதிதாக ஒருவரோடு பழகினால் தொடக்கத்திலேயே இருவரும் ஒருமுறை போய்ப் பரிசோதித்துவிட்டு ஆணுறையை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். குறி இருக்க வேண்டும் என்றில்லை, சும்மா பார்க்க வேண்டும் என்று சொன்னாலும் பார்ப்பார்கள்.

இந்த வருடக் காலபோகத்தில் எங்கள் மெசினில் சாக்குப் பிடிக்க ஒரு தம்பி வந்தான், 20 வயது. மல்லாவியில் நின்றபோது, "அண்ணை, சலம் போகேக்க எரியுது" என்றான். பக்கத்தில் நின்ற எல்லோரும் சூடு என்றார்கள். சாப்பாட்டு நேரம் அவனை மரத்தடிக்குக் கூட்டிப் போய், யாரோடாவது உறவு இருக்கோ என்று கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான். மறுநாள் விடிய மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் கிளினிக் வாசலில் விட்டுவிட்டு வெளியே வாகை மரத்தடியில் இருந்தேன். ஒரு மணி நேரத்தில் வந்தான். பாலியல் தொற்று எதுவும் தெரியவில்லையாம், இரத்த முடிவு பிறகு வரும், எரிவு கல்லாக இருக்கலாம் என்று ஸ்கானுக்கு அனுப்பியிருந்தார்கள். சின்னக் கல்தான். பின்னேரம் இரண்டு பேரும் திரும்ப வயலில் நின்றோம், அவன் பக்கத்தில் இரண்டு போத்தல் தண்ணீரோடு.